சந்தியாகப்பர் வழி: காமினோ நடக்க நினைப்பவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகள்

ஸ்பெயினில் காமினோ நடந்துவிட்டு வந்ததிலிருந்து பூசை முடிந்து கோயில் வாசலில், கல்யாண வீட்டுப் பந்தியில், போனில் என்று ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. பெரும்பாலும் என்னிடம் படித்த பிள்ளைகளும் எங்கள் பங்கு மக்களும் கேட்டவை. அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, கீழே பதில் தந்திருக்கிறேன். இரண்டு முறை நடந்திருக்கிறேன்: முதலில் ஸ்பெயினுக்குள்ளேயே சாரியா என்ற ஊரிலிருந்து 6 நாள், பிறகு பிரான்ஸ் எல்லையிலிருந்து 36 நாள்.

காமினோ, காமினோங்கறீங்களே டீச்சர், அது எந்த ஊர்ல இருக்கற கோயில்?

காமினோ என்றால் ஸ்பானிய மொழியில் 'வழி'. அந்த வழி போய்ச் சேருகிற கோயில் ஸ்பெயினின் வடமேற்கு மூலையில், கலீசியா பகுதியில், சந்தியாகோ தே கொம்போஸ்தேலா என்ற ஊரில் இருக்கிறது. இயேசுவின் பன்னிரு சீடர்களில் ஒருவரான, செபதேயுவின் மகன் யாக்கோபின் கல்லறை அங்கே இருப்பதாக நம்பிக்கை. ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக ஐரோப்பா முழுவதிலிருந்தும் மக்கள் அங்கே நடந்து வருகிறார்கள். அதனால் வழியும் ஒன்றில்லை, பல வழிகள் வந்து ஒரே பேராலயத்தில் சேருகின்றன.

பெயர் நமக்குப் புதிதில்லை. அந்தச் 'சந்தியாகோ'தான் போர்த்துக்கீசியர் வாய்வழியாக நம் கடற்கரைக்கு வந்து 'சந்தியாகு' ஆனது. நம் பங்குகளில் சந்தியாகு என்ற பெயர் இல்லாத தெருவைப் பார்ப்பது அரிது. ராமேஸ்வரம் தீவில் தங்கச்சிமடம் வேர்க்காட்டில் சந்தியாகப்பர் திருவிழா ஜூலையில் நடக்கும்போது இந்துக்களும் இஸ்லாமியரும் சேர்ந்து வருகிறார்கள். அதே சந்தியாகப்பர்தான் இவர்.

எருசலேம்ல இறந்தவரோட கல்லறை ஸ்பெயினுக்கு எப்படிப் போச்சு? நிஜமாவே அவரோடதுதானா?

யாக்கோபை ஏரோது அரசன் வாளால் கொன்றான் என்று திருத்தூதர் பணிகள் 12ஆம் அதிகாரம் சொல்கிறது. ஏறத்தாழ கி.பி. 44இல். அதன் பிறகு சீடர்கள் அவர் உடலைப் படகில் ஏற்றிக் கலீசியாவுக்குக் கொண்டுவந்தார்கள் என்பது மரபு. 9ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பெலாயோ என்ற துறவி காட்டுக்குள் விசித்திரமான ஒளியைப் பார்த்துச் சொல்ல, தியோதொமீரோ என்ற ஆயர் அங்கே ஒரு பழைய கல்லறையைக் கண்டு, இது திருத்தூதருடையது என்று அறிவித்தார். இரண்டாம் அல்ஃபோன்சோ அரசர் தன் தலைநகர் ஒவியேதோவிலிருந்து அங்கே போனார். அவர் போன வழியை இன்றும் 'ஆதி வழி' என்று அழைத்து மக்கள் நடக்கிறார்கள்.

1589இல் ஆங்கிலேயத் தளபதி டிரேக் படையெடுத்து வருகிறார் என்ற பயத்தில் பேராயர் அந்த எலும்புகளை ஒளித்து வைத்தார். ஒளித்த இடமே மறந்துபோய், 1879இல் தோண்டும்போதுதான் மறுபடி கிடைத்தன. 1884இல் திருத்தந்தை 13ஆம் லியோ அவற்றை ஏற்று அறிவித்தார்.

எலும்புகள் அவருடையவைதாம் என்று நிரூபிக்கும் சான்று வரலாற்றாசிரியர்கள் கையில் இல்லை. இதை மறைத்துப் பேசுவது எனக்குப் பிடிக்காது. பேராலயத்துக்குக் கீழே அந்த வெள்ளிப் பேழைக்கு முன் முழந்தாளிட்டபோது, அத்தனை நூற்றாண்டு மக்கள் கண்ணீரோடு வந்து நின்ற இடத்தில் நிற்கிறேன் என்பதுதான் எனக்குள் இருந்தது. எனக்கு அது போதுமாக இருந்தது.

முழுசும் நடக்கணுமா? எத்தனை கிலோமீட்டர்?

பலரும் 'முழு காமினோ' என்று சொல்வது பிரெஞ்சு வழியை. பிரான்சில் பிரனே மலையடிவாரத்தில் சான்-ழான்-பியே-த-போர் என்ற சின்ன ஊரில் தொடங்கி, பாம்ப்லோனா, புர்கோஸ், லியோன் நகரங்கள் வழியாகச் சுமார் 780 கி.மீ. ஒரு நாளைக்கு 20 முதல் 25 கி.மீ. நடந்தால் ஐந்து வாரம். போர்த்துகலின் போர்ட்டோ நகரிலிருந்து வந்தால் சுமார் 240 கி.மீ., இரண்டு வாரத்துக்குள் முடியும்.

முழுவதும் நடக்கக் கட்டாயம் இல்லை. 'கொம்பொஸ்தேலா' என்ற சான்றிதழ் வேண்டுமென்றால் நடந்து குறைந்தது 100 கி.மீ., சைக்கிளில் 200 கி.மீ. வர வேண்டும். அதனால்தான் சந்தியாகோவுக்கு 115 கி.மீ. முன்னால் இருக்கும் சாரியாவில் அத்தனை கூட்டம் சேருகிறது. 'கிரெடென்சியால்' என்று ஒரு திருப்பயணி அட்டை தருவார்கள். போகிற வழியில் தங்குமிடம், கோயில், டீக்கடை என்று எல்லா இடத்திலும் அதில் முத்திரை வாங்கலாம். இந்த 100 கி.மீ.யில் நாளுக்கு இரண்டு முத்திரையாவது இருக்க வேண்டும்.

லீவு கிடைக்காதவர்கள் சாரியாவிலிருந்து நடங்கள், குறையே இல்லை. ஆனால் 12 நாள், 15 நாள் கிடைக்கும் என்றால் லியோனிலிருந்தோ போர்ட்டோவிலிருந்தோ தொடங்குங்கள். முதல் நான்கைந்து நாள் கால் வலியைப் பற்றி மட்டும்தான் மனசு யோசிக்கும். சாரியாவிலிருந்து போனபோது, மனசு அமைதியாகி ஜெபம் தானாக வரத் தொடங்கிய நேரத்தில் பேராலயம் வந்துவிட்டது. அந்த ஏக்கத்தில்தான் இரண்டாம் முறை போனேன்.

வேளாங்கண்ணிக்கு வருஷா வருஷம் நடக்கிறேன். இதுல புதுசா என்ன இருக்கு?

நடை உங்களுக்குப் புதிதில்லை. காவி உடுத்தி, மாதா சப்பரத்தை இழுத்துக்கொண்டு, தார் ரோட்டில் வெயிலோடு நடந்தவர்களுக்குக் காமினோவின் பாதைகள் பெரும்பாலும் எளிதாகத்தான் இருக்கும்.

புதியது தனிமை. நம் பாதயாத்திரையில் குழு இருக்கும், முன்னால் பாட்டு போகும், ஊருக்கு ஊர் தண்ணீர்ப் பந்தல் இருக்கும், யாரோ சோறு போடுவார்கள். கால் தளர்ந்தால் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்து இழுத்துப் போவார். காமினோவில் அவரவர் வேகத்தில், அவரவர் காரணத்தோடு, அநேகமாகத் தனியாகவே நடக்கிறார்கள். புர்கோஸுக்கும் லியோனுக்கும் நடுவில் மெசேத்தா என்ற சமவெளி வரும். கோதுமை வயலும் வானமும் தவிர ஒன்றும் இல்லை. மூன்று மணி நேரம் ஒரு மரம்கூடப் பார்க்காமல் நடந்திருக்கிறேன். போரடிக்கும் என்று பலர் அந்தப் பகுதியைப் பஸ்ஸில் தாண்டுகிறார்கள். தயவுசெய்து தாண்டாதீர்கள். பல வருஷமாக நான் தள்ளிவைத்திருந்த துக்கமெல்லாம் அங்கேதான் வெளியே வந்தது, அங்கேதான் அழுது தீர்த்தேன்.

இதனால்தான் குழுவாகக் கூட்டிப்போகச் சொல்லி யார் கேட்டாலும் மறுக்கிறேன். இருவராகப் போனாலும் பகலில் பிரிந்து நடந்து, சாயங்காலம் தங்குமிடத்தில் சேர்ந்துகொள்ளுங்கள். கணவன் மனைவிக்கும் இதையே சொல்வேன்.

ஒரு மாசத்துக்கு மேல தங்கணும்னா விசா கொடுப்பாங்களா? எல்லா ராத்திரிக்கும் புக்கிங் கேப்பாங்களே?

ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் சுற்றுலா விசாவே போதும். 180 நாளுக்குள் 90 நாள் வரை தங்கலாம். எந்த நாட்டில் அதிக நாள் இருக்கிறீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். பிரான்சில் ஒரு இரவு, மீதி ஸ்பெயின் என்றால் ஸ்பெயினிடம்தான். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவைத் தாங்கும் காப்பீடு வேண்டும்.

நகராட்சித் தங்குமிடங்கள் முன்பதிவு எடுப்பதில்லை, வருகிறவர்களுக்கு வரிசைப்படி இடம். அதனால் புக்கிங் கேள்வி சிக்கல்தான். நான் செய்தது இது: எந்தத் தேதியில் எந்த ஊர் என்று நாள்வாரியாக அட்டவணை போட்டேன். முன்பதிவு எடுக்கும் தனியார் விடுதிகளில், ரத்து செய்யும் வசதியோடு உண்மையாகவே புக் செய்தேன். காமினோ நடக்கப் போகிறேன், ஏன் போகிறேன் என்று கடிதத்தில் தெளிவாக எழுதி, பங்குத்தந்தையின் கடிதத்தையும் இணைத்தேன். போலி புக்கிங் காகிதம் தயாரித்துத் தருகிறேன் என்று சொல்பவர்களிடம் போகாதீர்கள். மாட்டினால் அடுத்த விசாவும் கைவிட்டுப் போகும்.

மொத்தம் எவ்வளவு செலவாகும்?

விமானம், விசா, காப்பீடு தனி. அங்கே இறங்கிய பிறகு நாளுக்கு 40 முதல் 50 யூரோ வைத்துக்கொண்டால் நெருக்கடி இல்லாமல் நடக்கலாம். நகராட்சித் தங்குமிடத்தில் படுக்கை 8 முதல் 10 யூரோ, தனியாரில் 12 முதல் 20. இரவுச் சாப்பாடு 12 முதல் 15. மீதி காபி, பழம், மருந்து. சிக்கனமாக இருந்தால் இதைவிடக் குறையும்.

எந்த மாசம் போகலாம்?

மே, ஜூன், செப்டம்பர். ஜூலை, ஆகஸ்டில் சமவெளி கொதிக்கும், படுக்கையும் கிடைக்காது. பிரனே மலைமேல் போகிற முதல் நாள் பாதையை நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை மூடிவிடுவார்கள். அப்போது பள்ளத்தாக்கு வழியாகப் போக வேண்டும். எந்த மாதம் போனாலும் கலீசியாவில் மழை உண்டு, மழைக்கோட்டு இல்லாமல் போகாதீர்கள்.

ராத்திரி எங்க தூங்குறது? ஆம்பளை பொம்பளை ஒண்ணாவா?

'அல்பெர்கே' என்ற திருப்பயணிகள் விடுதியில். ஒரே கூடத்தில் அடுக்குக் கட்டில்கள் இருக்கும், ஆணும் பெண்ணும் ஒரே கூடத்தில்தான். திருப்பயணி அட்டை காட்டினால்தான் இடம். ஒரு இரவுதான் தங்கலாம், இரவு 10 மணிக்கு விளக்கை அணைத்துவிடுவார்கள், காலை 8 மணிக்குள் கிளம்பிவிட வேண்டும். கூச்சமாக இருக்குமோ என்று பயந்தேன். 25 கி.மீ. நடந்து வந்த உடம்புக்குப் படுத்தவுடன் தூக்கம் வந்துவிடுகிறது. வயதானவர்களும் வீட்டுப் பெண்களும் சங்கடப்பட்டால் தனியறை தரும் சின்ன ஹோட்டல்கள் பல ஊர்களில் இருக்கின்றன, செலவு மூன்று நான்கு மடங்கு.

மூட்டைப்பூச்சி உண்டு. மெத்தையின் ஓரத் தையலைப் பார்த்துவிட்டுப் படுங்கள், பையைக் கட்டில்மேல் வைக்காதீர்கள். இன்னொன்று: காணிக்கை மட்டும் வாங்கும் விடுதிகள் சில உண்டு, அங்கே ஒரு உண்டியல்தான் இருக்கும். காசில்லாதவர்களுக்காக வைத்திருக்கும் இடம் அது. முடிந்தவர்கள் தனியார் விடுதிக்குக் கொடுக்கும் அளவாவது அதில் போடுங்கள்.

சோறு கிடைக்குமா? நாங்க சைவம் வேற.

நம் சோறு கிடைக்காது. ஆனால் பட்டினி கிடக்க மாட்டீர்கள். ஹோட்டல்களில் 'திருப்பயணி சாப்பாடு' என்று மூன்று வகையாக வரும்: முதலில் சூப்போ சாலடோ, அப்புறம் முக்கிய உணவு, கடைசியில் இனிப்போ தயிரோ. ரொட்டியும் கூடவே வரும். முட்டை சாப்பிடும் சைவர்களுக்கு உருளைக்கிழங்கும் முட்டையும் சேர்த்துச் செய்யும் தொர்த்தியாதான் துணை, காலையிலிருந்தே எல்லாக் கடையிலும் இருக்கும்.

இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் சூரை மீன் போட்டுக் கொண்டுவருவார்கள். மீனும் வேண்டாம், பன்றியும் வேண்டாம் என்று தனித்தனியாகச் சொல்லுங்கள். பருப்பு சூப்பிலும் கலீசியாக் கீரை சூப்பிலும் பன்றி இறைச்சி கிடக்கும், கேட்டுவிட்டு வாங்குங்கள். பல விடுதிகளில் சமையலறை உண்டு. கடையில் அரிசி, பருப்பு வாங்கி, கொண்டுபோன மிளகுப்பொடியும் பெருங்காயமும் போட்டு நான் பொங்கியதை ஒரு கொரியப் பாட்டியும் இரண்டு இத்தாலியப் பையன்களும் சேர்ந்து சாப்பிட்டார்கள்.

பாஷை தெரியாது. வழி தவறிட்டா?

தவற மாட்டீர்கள். மரத்தில், கல்லில், சுவரில், ரோட்டில் என்று எங்கு பார்த்தாலும் மஞ்சள் அம்புக்குறி இருக்கும். சந்தியாகப்பரின் அடையாளமான சிப்பியும் இருக்கும். அம்புக்குறி அரை மணி நேரமாகக் கண்ணில் படவில்லை என்றால் திரும்பி நடந்து கடைசியாகப் பார்த்த குறிக்கு வந்துவிடுங்கள்.

அந்த மஞ்சள் குறியை யார் போட்டார் என்பதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஓ செப்ரெய்ரோ என்ற மலைக் கிராமத்தின் பங்குத்தந்தை எலியாஸ் வலீனா. அவர் காலத்தில் காமினோ அநேகமாக மறக்கப்பட்டுவிட்டது, வருஷத்துக்குச் சில நூறு பேர்கூட நடப்பது அரிது. இந்த வழியைப் பற்றியே ஆராய்ச்சி செய்த அவர், 1984 முதல் மஞ்சள் பெயின்ட் டப்பாவோடு கிளம்பி, பிரனே மலையிலிருந்து குறி போட்டுக்கொண்டே வந்தார். 1989இல் இறந்தார். 2024இல் கொம்பொஸ்தேலா வாங்கியவர்கள் ஏறக்குறைய 5 லட்சம் பேர். செப்ரெய்ரோ கோயில் முற்றத்தில் அவருடைய மார்பளவுச் சிலை இருக்கிறது. கடந்து போகும்போது ஒரு நிமிஷம் நின்று அவருக்காக ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லுங்கள்.

அக்கா, நான் மட்டும் தனியா போனா பயமில்லையா?

நானும் தனியாகத்தான் நடந்தேன். பெண்கள் நிறையப் பேர் அப்படி நடக்கிறார்கள். விடிவதற்கு முன் தனியாகக் கிளம்ப வேண்டாம். ஆளில்லாத பகுதியில் முன்னாலோ பின்னாலோ கண்ணுக்கெட்டும் தூரத்தில் யாராவது நடக்கிற மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள். தொந்தரவே நடக்காது என்று உறுதி சொல்ல மாட்டேன். பாதையில் பெண்களிடம் அசிங்கமாக நடந்துகொண்ட ஆட்களைப் பற்றிப் புகார்கள் வந்திருக்கின்றன. அவசர எண் 112. வீட்டுக்குத் தினமும் சாயங்காலம் ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள்.

மூட்டு வலி இருக்கு. பையை வேற ஆள் தூக்கிட்டு வந்தா அது ஏமாத்துறதா?

இல்லை. காலையில் பையை விடுதியில் வைத்தால் வேனில் அடுத்த ஊருக்குக் கொண்டுபோய் வைக்கிறார்கள், ஒரு நாளைக்கு 5, 6 யூரோ ஆகும். கொம்பொஸ்தேலாவுக்கு நடைதான் கணக்கு, பை கணக்கில்லை. சுமக்க முடிந்தவர்கள் சுமந்து பாருங்கள் என்பேன், உடம்பு எடையில் பத்தில் ஒரு பங்குக்குமேல் போகாமல். ஐந்தாம் நாளே எதெல்லாம் தேவையில்லை என்று தெரிந்துவிடும். முடியாதவர்கள் மனசைக் குழப்பிக்கொள்ளாமல் அனுப்பிவிடுங்கள்.

மூட்டுக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் எதிரி. இரண்டு ஊன்றுகோல் கட்டாயம். புது ஷூவோடு மட்டும் கிளம்பாதீர்கள், இங்கேயே இரண்டு மாதம் போட்டு நடந்து பழகிய ஷூவாக இருக்கட்டும்.

நான் இந்து. வரலாமா? எனக்கும் சான்றிதழ் கொடுப்பாங்களா?

தாராளமாக வரலாம். விடுதியிலும் பாதையிலும் யாரும் மதம் கேட்பதில்லை. சந்தியாகோவில் திருப்பயணிகள் அலுவலகத்தில் என்ன நோக்கத்தோடு நடந்தீர்கள் என்று மட்டும் கேட்பார்கள். சமய நோக்கம், ஆன்மிக நோக்கம் என்றால் லத்தீனில் எழுதிய கொம்பொஸ்தேலா. சுற்றிப்பார்க்க, உடற்பயிற்சிக்கு என்றால் வேறொரு வரவேற்புச் சான்றிதழ். உள்ளதைச் சொல்லுங்கள். ஒரு வேண்டுகோள்: திருப்பலிக்குப் போங்கள், ஆனால் நற்கருணை வாங்கும் வரிசையில் சேர வேண்டாம். அது கத்தோலிக்கருக்கானது.

அந்தப் பெரிய தூபக்கலசத்தை ஆட்டுறதை எப்பப் பாக்கலாம்?

பொத்தாஃபுமெய்ரோ என்று பெயர். 50 கிலோவுக்கும் மேல் எடை, ஒன்றரை மீட்டர் உயரம். எட்டுப் பேர் கயிற்றை இழுக்க, பேராலயத்தின் குறுக்குவாட்டில் கூரை வரை போய்வரும். ஈஸ்டர், ஜூலை 25, ஆகஸ்ட் 15, நவம்பர் 1, டிசம்பர் 8, கிறிஸ்துமஸ் போன்ற பெருவிழாக்களில் ஆட்டுவார்கள். மற்ற நாளில் ஏதாவது குழு காணிக்கை கொடுத்து ஏற்பாடு செய்திருந்தால் பார்க்கக் கிடைக்கும். இரண்டு முறையும் எனக்குக் கிடைக்கவில்லை. நண்பகல் 12 மணித் திருப்பலிக்கு முன்கூட்டியே போய் இடம் பிடியுங்கள், முதுகுப்பையோடு உள்ளே விட மாட்டார்கள்.

சந்தியாகப்பர் குதிரைமேல வாளோட ஆட்களை மிதிக்கிற சிலைய அங்க பாத்தேன்னு ஒருத்தர் சொன்னார். சீடர் எப்படி இப்படி?

சங்கடமான கேள்வி, ஆனால் நியாயமான கேள்வி. ஸ்பெயினில் கிறிஸ்தவ அரசர்களும் இஸ்லாமிய அரசர்களும் போரிட்ட நூற்றாண்டுகளில், 844இல் கிளாவிஹோ என்ற இடத்தில் சந்தியாகப்பர் வெள்ளைக் குதிரையில் வந்து சண்டையிட்டதாகக் கதை பரவியது. அப்படி ஒரு போரே நடக்கவில்லை என்பதுதான் வரலாற்றாசிரியர்கள் பொதுவாகச் சொல்வது. அந்தக் கதையிலிருந்து வந்த உருவம் அது. நம் ஊர்ப் பக்கம் குதிரைமேல் இருக்கும் சந்தியாகப்பருக்கும் மூலம் அதுதான்.

விவிலியத்தில் இருக்கும் யாக்கோபு வாளெடுத்தவர் இல்லை, வாளுக்குப் பலியானவர். கையில் தடியும், இடுப்பில் சுரைக்குடுக்கையும், தொப்பியில் சிப்பியுமாகத் திருப்பயணி வேடத்தில் அவரே நிற்கிற சிலைகள் வழியெங்கும் இருக்கின்றன. நான் ஜெபித்ததெல்லாம் அவரிடம்தான். மேலே சொன்ன வேர்க்காட்டுத் திருவிழாவில் மூன்று மதத்தாரும் ஒரே முற்றத்தில் நிற்பதைப் பார்த்தவர்களுக்கு, அந்தப் போர்க் கதையை நம் மக்கள் எப்போதோ தாண்டிவிட்டார்கள் என்று தெரியும்.

2027 புனித ஆண்டாமே, அது வரைக்கும் காத்திருக்கணுமா?

ஜூலை 25, அதாவது சந்தியாகப்பர் திருநாள், ஞாயிற்றுக்கிழமையில் வந்தால் அது புனித ஆண்டு. 2021க்குப் பிறகு 2027, அதன்பின் 2032. அந்த ஆண்டில் பேராலயத்தின் புனிதக் கதவு திறந்திருக்கும். பாவசங்கீர்த்தனம் செய்து, நற்கருணை வாங்கி, திருத்தந்தையின் கருத்துக்காக ஜெபித்துத் தரிசிப்பவர்களுக்குப் பரிபூரண பலன், அதாவது பாவங்களுக்கான தண்டனையிலிருந்து முழு விடுதலை, உண்டு. அந்த அருளை விரும்புபவர்கள் 2027க்குத் திட்டமிடலாம், ஆனால் கூட்டம் பயங்கரமாக இருக்கும். முடிந்தால் மார்ச், ஏப்ரல், அக்டோபர் என்று யோசியுங்கள். உடம்பு இப்போது ஒத்துழைக்கிறது, லீவும் இருக்கிறது என்றால் காத்திருக்காதீர்கள்.

லூர்து, பாத்திமாவையும் இதோட சேர்த்துக்கலாமா?

லூர்துவை முதலில் வையுங்கள். அங்கிருந்து ரயிலில் பயோன், பயோனிலிருந்து சான்-ழான்-பியே-த-போர் வந்து நடையைத் தொடங்கலாம். மாதாவின் கெபியில் ஜெபித்துவிட்டுக் கிளம்பினால் நன்றாக இருக்கும். பாத்திமா என்றால் போர்த்துக்கீசிய வழிக்கு ஏற்றது, தரிசித்துவிட்டுப் போர்ட்டோவுக்குப் போய் நடக்கலாம். மூன்றையும் 12 நாளில் அடைத்தால் எதுவும் மனசில் தங்காது. பல வருஷம் முன்பு அப்படி ஒரு பஸ் பயணத்தில்தான் சந்தியாகோவை முதலில் பார்த்தேன், மூன்று மணி நேரம். பேராலயத்துக்கு முன்னால் இருக்கும் ஒப்ரதொய்ரோ சதுக்கத்தில், நடந்து வந்தவர்கள் பையைத் தலைக்கு வைத்துக் கல்தரையில் படுத்து அழுதுகொண்டிருந்தார்கள். எங்கள் குழு போட்டோ எடுத்துவிட்டுப் பஸ் ஏறியது. எனக்கு மட்டும் அந்தத் தரையை விட்டு மனசு வரவில்லை.

அம்மாவுக்கு இப்படி நடக்கணும்னு ஆசை. போன வருஷம் தவறிட்டாங்க. அவங்க பேர்ல நடக்கலாமா?

நடக்கலாம். இறந்தவருக்காக, அல்லது நோயால் வர முடியாதவருக்காக நடந்தால், அவர்களுக்காக இவர் நடந்தார் என்று கொம்பொஸ்தேலாவிலேயே லத்தீனில் எழுதித் தருவார்கள். 'விக்காரியே ப்ரோ' என்று எழுதி, அதன்பின் அவர் பெயர் வரும். உங்கள் பெயரை எழுதத் தொடங்கும் முன்பே கவுன்டரில் சொல்லிவிட வேண்டும். பெயரை ஒரு துண்டுச் சீட்டில் ஆங்கில எழுத்தில் எழுதிக் கொண்டுபோங்கள், நம் பெயர்களை அவர்களால் காதால் கேட்டு எழுத முடியாது.

இன்னொரு காரியமும் செய்யலாம். லியோனைத் தாண்டி, மலை உச்சியில் 'இரும்புச் சிலுவை' என்று ஒரு இடம் வரும். உயரமான மரக்கம்பத்தின் உச்சியில் சின்னச் சிலுவை, அதன் அடியில் திருப்பயணிகள் வீட்டிலிருந்து கொண்டுவந்து போட்ட கற்களின் குவியல். அம்மா வீட்டு வாசலிலிருந்தோ கல்லறைத் தோட்டத்திலிருந்தோ ஒரு சின்னக் கல் எடுத்துப் போங்கள். நான் என் அம்மாவுக்காக எங்கள் கிணற்றடியிலிருந்து எடுத்துப் போனேன். 500 கி.மீ.க்கு மேல் சட்டைப் பையில் கிடந்து கிடந்து அது உள்ளங்கைச் சூட்டுக்குப் பழகியிருந்தது. குவியல்மேல் ஏறி வைத்துவிட்டுக் கீழே இறங்க எனக்குக் கால்மணி நேரம் ஆனது. பின்னால் நின்றவர்கள் யாரும் அவசரப்படுத்தவில்லை.